யாழ்ப்பாணத்தில் குடும்பத்தோடு வெளியே நோன்பு திறக்க: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை மாற்றத்திலோ படிப்புக்காகவோ யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வந்த முஸ்லிம் குடும்பம் என்றால், நோன்பு மாதத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உணவகத்தில் நோன்பு திறக்க ஆசை வரும். கொழும்பிலும் காத்தான்குடியிலும் இதற்கென்று ஒரு ஏற்பாடும் தேவையில்லை. கடைக்காரருக்கே நேரம் தெரியும். பாங்கு சொல்ல முன்பே கஞ்சியும் பேரீச்சம்பழமும் மேசைக்கு வந்துவிடும்.

இங்கே அப்படி இல்லை. பெரும்பாலான உணவகங்களில் முதலாளிக்கும் சமையல்காரருக்கும் பரிமாறுபவருக்கும் நோன்பு பழக்கமில்லாத விஷயம். அன்பாகத்தான் நடத்துவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மேசையில் இருக்கிற எட்டுப் பேரும் ஒரே நிமிடத்தில் சாப்பிடத் தொடங்குவார்கள் என்பது, யாராவது சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். நாங்கள் முதலில் போன கடையில் ஆறு மணிக்கே ஓடர் கொடுத்தும், சாப்பாடு வரும்போது ஏழு மணி தாண்டிவிட்டது. சீனி வருத்தம் உள்ள வாப்பா அதுவரை தண்ணீரோடும் பேரீச்சம்பழத்தோடும் இருந்தார். வேறொரு குடும்பத்துக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. நாளைத் தெரிவு செய்யுங்கள்

முதல் நோன்புக்கு மேசை பதியாதீர்கள். பிறையைப் பார்த்துக் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் அறிவித்த பிறகுதான் தலைநோன்பு எந்த நாள் என்பது உறுதியாகும். ஒரு நாள் தள்ளிப்போனால் உங்கள் பதிவும் குழம்பும், கடைக்காரருக்கும் எரிச்சல். கடைசிப் பத்து நாட்களும் இபாதத்துக்கு உரியவை. ஆகவே இரண்டாம் வாரம்தான் நல்லது. உடம்பும் அதற்குள் பழகியிருக்கும்.

கிழமையையும் பாருங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் நகரத்து உணவகங்களில் பிறந்தநாள் கொண்டாட்டங்களும் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் நிறைந்திருக்கும். வெள்ளிக்கிழமையில் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் பலவற்றில் மரக்கறிச் சாப்பாடுதான். அதனால் இறைச்சி பரிமாறும் கடையில் இடம் கிடைப்பது சுலபம், ஆனால் சமைக்கிற அளவும் குறைவாக இருக்கலாம். என்ன இருக்கும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நோன்பு மாதத்தின் நடுப்பகுதியில் எப்போதும் ஒரு போயா வரும். அன்று இறைச்சிக் கடைகள் பூட்டு. முதல் நாளே வாங்கி வைத்தால்தான் உணவகத்தில் ஆட்டிறைச்சி இருக்கும். 2027இல் இன்னொன்றும் சேர்கிறது: மார்ச் 6 மகா சிவராத்திரி, அது நோன்பு மாதத்துக்குள் வருகிறது. அன்று சைவர்களில் பலர் விரதம் பிடிப்பார்கள். அந்த நாளை விட்டுவிட்டு வேறு நாள் பாருங்கள்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை உண்டு. மற்றப் பாடசாலைகளுக்கு இல்லை. உங்கள் பிள்ளை மற்றப் பாடசாலை ஒன்றில் படித்தால், அடுத்த நாள் காலை வகுப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்து நாளைக் குறியுங்கள்.

2. மஃரிப் நேரத்தை எழுதி எடுங்கள்

அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் தொழுகை நேர அட்டவணையில் யாழ்ப்பாணத்துக்குரிய நேரத்தைப் பாருங்கள். வானொலியில் வரும் பாங்கு கொழும்பு நேரத்துக்கு உரியது. இரண்டு ஊருக்கும் சில நிமிடங்கள் வித்தியாசம் வரும். கைபேசிச் செயலி வைத்திருந்தால், இடம் யாழ்ப்பாணம் என்று மாற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஊர் மாறி வந்தவர்களின் கைபேசியில் பழைய ஊர் அப்படியே கிடப்பது வழக்கம்.

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இங்கே மஃரிப் ஆறேகாலுக்கும் ஆறரைக்கும் இடையில் வரும். இஷா ஏழரை அளவில். அதாவது நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, சாப்பிட்டு முடிக்க உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான். அதற்கு மேல் போனால் இஷாவும் தராவீஹும் பிந்தும்.

3. எந்த வகைக் கடை?

இங்கே மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆயத்தம் வேறு.

முதலாவது, ஐந்து சந்தி, சோனகத் தெருப் பக்கம் முஸ்லிம்கள் நடத்தும் சிறிய சாப்பாட்டுக்கடைகள். ஹலால் பற்றிய கேள்வி இல்லை, பாங்கு காதில் விழும், பள்ளிவாசல் நடக்கிற தூரத்தில். ஆனால் இடம் சிறியது. பெண்களும் குழந்தைகளுமாக எட்டுப் பேர் வசதியாக இருக்க முடியுமா என்று பகலிலேயே நேரில் போய்ப் பாருங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் கடைக்காரரே நோன்பு திறக்க உட்காருவார் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தப் பத்து நிமிடம் அவரைக் கூப்பிடுவது முறையில்லை.

இரண்டாவது, நகரத்தின் பெரிய உணவகங்களும் ஹோட்டல்களும். குளிரூட்டிய அறை, பெரிய மேசை, வாகனம் நிறுத்த இடம் எல்லாம் இருக்கும். வயதானவர்கள் இருந்தால் இதுதான் வசதி. விசாரிக்க வேண்டியதும் இங்கேதான் அதிகம். அடுத்த பகுதி முழுக்க அதைப் பற்றித்தான்.

மூன்றாவது, சைவக் கடை. புதிதாக வருகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை, எனக்கு இதில் நல்ல விருப்பம். இறைச்சி பற்றிய கவலை இல்லை. மாலை நேரம் வடையும் தோசையும் சூடாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், இடியப்பமும் சொதியும் கிடைக்கும், செலவும் குறைவு. கேட்டதும் சாப்பாடு வந்துவிடும். வெறும் வயிற்றில் எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இடியப்பம் அருமையாக இருக்கும். ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள்: இறைச்சி போட்ட கஞ்சியோ கோழி றோல்ஸோ எதையும் அந்தக் கடைக்குள் கொண்டு போகாதீர்கள். அவர்கள் வாய் திறந்து சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் நமக்கு ஹலால் எப்படியோ, அவர்களுக்கு அந்தச் சுத்தம் அப்படி. பேரீச்சம்பழம் மட்டும் போதும்.

4. போன் எடுக்கும்போது கேட்க வேண்டியவை

மூன்று நாளுக்கு முன்பாவது எடுங்கள். பின்னேரம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் எடுப்பது நல்லது. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, பொறுப்பானவர் பேசக் கிடைப்பார். போனை எடுக்கிற பொடியனோடு பேசி முடிக்காமல், முகாமையாளரைக் கேளுங்கள்.

"ஹலாலா?" என்று ஒரு சொல்லில் கேட்டால் "ஓம் ஓம்" என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. பன்றி இறைச்சி சமைப்பதில்லை என்பதையே சிலர் ஹலால் என்று நினைக்கிறார்கள். ஆகவே பிரித்துக் கேளுங்கள்:

"அண்ணை, கோழி எந்தக் கொம்பனியின்ர? பக்கற்றில ஹலால் முத்திரை இருக்கோ?"
"ஆட்டிறைச்சி எங்கயிருந்து எடுக்கிறனீங்கள்?"
"பன்றி சமைக்கிற நாள் இருக்கோ? அதுக்குச் சட்டி, எண்ணெய், கத்தி எல்லாம் வேறயோ?"
"சோஸ் எதிலயாவது வைன் சேர்ப்பியளோ?"
"எங்கட மேசைக்குப் பக்கத்தில மதுபானம் பரிமாறுவியளோ?"

சான்றிதழ் இருக்கிறது என்றால் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் இரண்டு விஷயம் பாருங்கள்: காலாவதித் திகதி, முகவரி. பல ஊர்களில் கிளை உள்ள உணவகம் என்றால், கொழும்புக் கிளையின் சான்றிதழை வைத்து யாழ்ப்பாணக் கிளையின் சமையலறையை முடிவு செய்ய முடியாது. பதில்கள் மனதுக்குத் திருப்தியாக இல்லை என்றால், அதே கடையில் மீனும் மரக்கறியும் மட்டும் சொல்லலாம். அப்போதும் பொரிக்கிற எண்ணெய் தனியா என்று கேளுங்கள்.

அடுத்தது நேரம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். "ஆறரைக்கு வருகிறோம்" என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "ஆறு மணிக்கு வந்து இருப்பம். ஆறு பத்துக்குச் சாப்பாடு எல்லாம் மேசையில இருக்க வேணும். ஆறு இருபதுக்கு எல்லாரும் ஒண்டாச் சாப்பிடத் தொடங்குவம்." காரணத்தையும் சொல்லுங்கள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தெரிந்தால் யாழ்ப்பாணத்து மனிதர்கள் உங்களுக்காக ஓடித் திரிவார்கள். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சொல்லாவிட்டால், மேசையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்கள்தான் கவலைப்படுவார்கள்.

"பார்ப்பம்", "வாங்கோவன், செய்து தாறம்" என்பதெல்லாம் உறுதி இல்லை. "ஆறு பத்துக்கு ஏலுமோ, ஏலாதோ?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். ஏலாது என்றால் அதுவும் நல்ல பதில்தான், வேறு கடை பார்க்கலாம்.

5. ஓடரை முன்பே எழுதிக் கொடுங்கள்

மெனுவைப் படமாக வாங்கி, வீட்டில் எல்லோரையும் கேட்டு, ஒரே செய்தியாக அனுப்புங்கள். அன்று போய் மெனு விரித்தால் இருபது நிமிடம் அதிலேயே போய்விடும்.

கொத்து, பிறைட் றைஸ் இரண்டும் ஓடர் வந்த பிறகு கல்லிலும் சட்டியிலும் போடுபவை. கூட்டமான நேரத்தில் கட்டாயம் பிந்தும். புரியாணி, சோறு கறி, இடியப்பம், பராட்டா போன்றவை முன்பே ஆயத்தமாக இருக்கும், பாங்குக்கு முன் மேசைக்கு வந்துவிடும். கொத்துதான் வேண்டும் என்று பிள்ளைகள் நின்றால், அதை 6.45க்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், மஃரிப் தொழுது வரும்போது சூடாக இருக்கும். இப்படி இரண்டு கட்டமாகப் பிரித்தால் சமையலறைக்கும் சுலபம்.

கஞ்சி இங்கத்தைய உணவகங்களில் பெரும்பாலும் கிடையாது. அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் கொடுக்கிற கஞ்சியைப் பிளாஸ்கில் வாங்கி வந்து, கடைக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டு, கோப்பைகள் மட்டும் தரச் சொல்லலாம். சில கடைகள் வெளிச் சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம் எடுக்கும், அதையும் கேளுங்கள்.

ஒடியல் கூழ் இருந்தால் ஒரு கோப்பை சொல்லிப் பார்க்க ஆசை வரும். யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டு அதைக் குடிக்காமல் இருக்க முடியாதுதான். ஆனால் உறைப்பு அதிகம், வெறும் வயிற்றில் முதல் வாயாகக் குடிக்க வேண்டாம். அதில் நண்டும் றாலும் சேரும். உங்கள் வீட்டில் நண்டு சாப்பிடுவதில் தயக்கம் உள்ளவர்கள் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

குடிப்பதற்கு நெல்லி ரசம், தேசிக்காய்த் தண்ணி, இளநீர் போதும். சீனி வருத்தக்காரருக்குச் சீனி போடாமல் தனியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எல்லாக் கிளாசும் ஒரே இனிப்பில் வரும்.

6. செலவும் பற்றுச்சீட்டும்

மெனுவில் உள்ள விலைக்கு மேல் என்னென்ன சேரும் என்று கேளுங்கள். பதிவு செய்த பெரிய உணவகங்களில் 18 வீத வற் வரி சேரலாம், சேவைக் கட்டணமாக 10 வீதம் எடுப்பதும் வழக்கம். ஒருவருக்கு 2,000 ரூபாய் என்று நினைத்துப் போனால், வரியோடு 2,360, சேவைக் கட்டணமும் சேர்ந்தால் 2,560. எட்டுப் பேருக்கு 16,000 என்று கணக்குப் போட்டது 20,000ஐத் தாண்டிவிடும். சிறிய கடைகளில் போட்ட விலைதான் விலை. பிள்ளைகளுக்குப் பாதி விலை உண்டா, எத்தனை வயது வரை என்பதையும் முன்பே கேளுங்கள். இது பஃபே உள்ள இடங்களில் நல்ல காசு மிச்சமாக்கும்.

முற்பணம் கேட்டால் கொடுங்கள். முற்பணம் வாங்கிய கடை உங்கள் மேசையை வேறு யாருக்கும் கொடுக்காது. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம். அதில் திகதி, ஆட்களின் எண்ணிக்கை, "6.10க்கு உணவு மேசையில்" என்ற குறிப்பு, கொடுத்த தொகை நான்கும் இருக்க வேண்டும். வங்கியில் போட்டால் அந்தச் சீட்டின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கிடைத்தது" என்று பதில் வாங்குங்கள். நாள் மாறினால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றலாமா என்பதையும் அதே உரையாடலில் எழுத்தில் எடுத்து வையுங்கள்.

அன்று போகும்போது பற்றுச்சீட்டு, ஓடர் அனுப்பிய செய்தி, மெனுவின் படம் மூன்றும் கைபேசியில் உடனே எடுக்கக்கூடிய மாதிரி இருக்கட்டும். அன்று கல்லாவில் இருப்பவர் நீங்கள் பேசியவராக இருக்க மாட்டார். அட்டை எடுப்பார்களா என்று கேட்டாலும், கொஞ்சம் காசும் கையில் வையுங்கள். இயந்திரம் வேலை செய்யாத நாள் உண்டு.

7. பையில் வைக்க வேண்டியவை

பேரீச்சம்பழம், ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், தொழுகை விரிப்பு, சாப்பாட்டோடு எடுக்கிற மருந்து மாத்திரை. பேரீச்சம்பழமும் தண்ணீரும் உங்கள் கையில் இருந்தால், கடை எவ்வளவு பிந்தினாலும் நோன்பு நேரத்துக்குத் திறக்கப்படும். சிறு பிள்ளைகளுக்கு ஒரு விசுக்கோத்துப் பக்கற்றும் வையுங்கள். நோன்பு பிடிக்காத சின்னவர்கள் ஐந்தரை மணிக்கே பசி என்று அழத் தொடங்குவார்கள்.

8. புறப்படும் நேரம்

வீட்டிலேயே வுளூ செய்துகொண்டு வெளிக்கிடுங்கள். உணவகத்தில் கை கழுவும் தொட்டி இருக்கும், கால் கழுவ வசதி இருக்காது.

மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் அலுவலகம் விட்ட கூட்டமும் டியூஷன் பிள்ளைகளின் சைக்கிள்களும் சேர்ந்து நெருக்கும். ஓட்டோ என்றால் ஐந்து மணிக்கே சொல்லி வையுங்கள். பிக்மீ இங்கேயும் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் உடனே கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஆட்கள் அதிகம் என்றால் ஒரு வானைப் போகவும் வரவும் சேர்த்துப் பேசிக்கொள்வது மலிவு.

ஐந்தே முக்காலுக்குக் கடையில் இருங்கள். போனவுடன் ஒருவர் சமையலறைப் பொறுப்பாளரைப் பார்த்து நேரத்தை ஞாபகப்படுத்தட்டும். ஆறு மணிக்கு ஒரு தடவை, ஆறு ஐந்துக்கு ஒரு தடவை கேட்பதில் தப்பில்லை. பரிமாறுபவரிடம், "சாப்பாட்டை மூடி வையுங்கோ, நாங்கள் நேரம் வரத்தான் தொடுவம்" என்றும் சொல்லுங்கள்.

நகரத்துக்குள் எல்லா இடத்திலும் பாங்குச் சத்தம் கேட்காது. ஒருவரின் கைபேசியில் நேரத்தைப் போட்டு, அவர் சொன்ன பிறகு எல்லோரும் திறப்பது நல்லது. ஆளுக்கு ஒரு கைபேசியைப் பார்த்து ஆளுக்கு ஒரு நேரத்தில் தொடங்கினால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

9. மஃரிப் தொழுகை

இரண்டு வழி. உணவகத்தில் மேல்மாடி அறையோ விழா மண்டபமோ சும்மா இருந்தால், போனில் பேசும்போதே பதினைந்து நிமிடத்துக்குக் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் மனமுவந்து தருவார்கள், கூட்டித் துடைத்துத் தந்தவர்களும் உண்டு. கிப்லா எந்தப் பக்கம் என்று கைபேசியில் முன்பே பார்த்து வைத்தால் அந்த நேரத்தில் தடுமாற்றம் இல்லை.

அறை இல்லை என்றால் ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்வரலாம். நகரத்திலிருந்து சோனகத் தெருவுக்கு ஓட்டோவில் சில நிமிடம்தான். பெண்களுக்கு இடம் உள்ளதா என்று அந்தந்தப் பள்ளிவாசலில் முன்கூட்டியே விசாரியுங்கள். இடம் இல்லை என்றால் மேசையில் பெண்கள் தனியாக இருந்து காத்திருக்க வேண்டி வரும். அப்படி என்றால் பேரீச்சம்பழம், கஞ்சி, ஒரு றோல்ஸ் மட்டும் கடையில் சாப்பிட்டு, எல்லோரும் வீடு திரும்பித் தொழுது, மிச்சச் சாப்பாட்டைப் பார்சலாக வீட்டில் சாப்பிடுவதும் ஒரு வழி. வீடு கிட்ட இருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

10. திரும்பும்போது

பில்லை நிதானமாகப் பாருங்கள். முற்பணம் கழித்திருக்கிறார்களா, வராத உணவுக்கு விலை போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். சேவைக் கட்டணம் எடுத்திருந்தாலும், உங்களுக்காக ஓடித் திரிந்த பொடியனுக்குக் கையில் ஏதாவது கொடுங்கள்.

இரவு ஏழு மணிக்குப் பிறகு உள்ளூர் பஸ்கள் மிகவும் குறைந்துவிடும். நகரத்துக்கு வெளியே இருப்பவர்கள் பஸ்ஸை நம்பி நிற்க வேண்டாம். நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிரீம் குடிக்கப் போவோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். போகலாம், ஆனால் தராவீஹ் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸஹருக்குப் பார்சல் எடுப்பதாக இருந்தால் புறப்படுவதற்கு இருபது நிமிடம் முன்பே சொல்லுங்கள். சோறும் கறியும் தனித்தனியாகக் கட்டச் சொல்லி, வீட்டுக்குப் போனதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தேங்காய்ப்பால் விட்ட கறியும் சொதியும் இந்த வெக்கையில் விடியும் வரை வெளியில் தாங்காது. கடையை விட்டு இறங்க முன், நேரத்துக்குச் சாப்பாடு தந்த முகாமையாளரின் பெயரையும் நேரடி இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் நான்காம் பகுதியில் உள்ள கேள்விகளில் பாதியை நீங்கள் கேட்கத் தேவை இருக்காது.